3600 என்று எழுதிய ரேமும் கல்லடிக் கச்சான் காற்றும்: ஐந்து வருஷ அனுபவம்

மட்டக்களப்பின் கல்லடியில் வீட்டோடு சேர்ந்த ஓர் அறையில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். 2020 தொடக்கத்தில் கொழும்பில் உதிரிகளை வாங்கி, உதயதேவி ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்து பூட்டிய கணினி இது. ஏஎம்டியின் ரைசன் 5 3600 ப்ராசசர் (இந்த 3600 மாடல் பெயர் மட்டும்), பி450 மதர்போர்டு, 8 ஜிபி ரேம் இரண்டு. ரேம் பெட்டியில் பெரிய எழுத்தில் டிடிஆர்4 3600 என்று வேகத்தைப் போட்டிருந்தது. போர்டின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில், பெட்டியில் சொன்ன வேகத்துக்கு ரேமை ஏற்றும் எக்ஸ்எம்பியை ஆன் செய்தேன், 3600 வந்தது. கிட்டத்தட்ட இரண்டு வருஷம் ஒரு குறையும் இல்லை.

2021 கடைசியில் அதே மாடலில் இன்னொரு சோடி வாங்கி 32 ஜிபி ஆக்கினேன். தொல்லை அங்கேதான் தொடங்கியது.

முதலில் ரேம்மீது சந்தேகமே வரவில்லை. சுருக்கிய ஸிப் கோப்பு ஒன்றைத் திறந்தால் சிஆர்சி பிழை, அதாவது உள்ளே தரவு கெட்டிருக்கிறது என்ற செய்தி. மறுபடி திறந்தால் சரியாக வரும். வாரத்துக்கு ஒரு தடவை விண்டோஸ் நிலைகுலைந்து நீலத்திரை, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு காரணம் காட்டும். ஒருநாள் மெமரி மேனேஜ்மென்ட், இன்னொருநாள் ஏதோ டிரைவரின் பெயர். கிராஃபிக்ஸ் டிரைவரை மாற்றினேன், பிறகு விண்டோஸையே புதிதாகப் போட்டேன். இரண்டு கிழமை நன்றாக ஓடியது, அப்புறம் பழைய கதை.

தை மாதக் கல்யாணம் ஒன்றின் வீடியோவைக் கொடுத்த பிறகு மணப்பெண்ணின் தாயார் போன் எடுத்தார். "மனே, தாலி கட்டுற இடத்தில படம் உடைஞ்சு கிடக்கு." ஓடிப்போய்ப் பார்த்தேன். நாலைந்து செக்கன் முழுக்கப் பச்சைக் கட்டங்கள். எடிட்டில் நான் செய்த பிழை அல்ல, கணினியில் இருந்த மூலக்கோப்பே கெட்டிருந்தது. கமெரா கார்டை நான் அழிக்காமல் வைத்திருந்ததால்தான் தப்பினேன். கார்டில் அதே காட்சி சுத்தமாக இருந்தது.

கார்டில் இருந்து டிஸ்க்குக்குப் போகும் ஒவ்வொரு பைட்டும் நடுவில் ரேமில் தங்கித்தான் போகிறது. அங்கே ஒரு பிட் புரண்டால் விண்டோஸ் எதுவும் சொல்லாது, "காப்பி முடிந்தது" என்றே காட்டும். நீலத்திரையாவது முகத்துக்கு நேரே வந்து நிற்கும். இது சத்தமில்லாமல் ஒரு குடும்பத்தின் ஒரே பதிவைக் கெடுத்துவிடும்.

சரி, சோதிப்போம் என்று ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஐ பென்ட்ரைவில் ஏற்றினேன். இலவசப் பதிப்பில் நான்கு சுற்று ஓடும், 32 ஜிபிக்குப் பல மணி நேரம் பிடிக்கும். அது 2022 மார்ச். நாட்டில் மின்வெட்டு ஏறிக்கொண்டே போய் மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரத்தைத் தொட்ட காலம். மூன்றாம் சுற்றில் கரண்ட் போகும், மறுபடி முதலில் இருந்து. கரண்ட் இருக்கும் நேரம் பார்த்து, பெரும்பாலும் நடுச்சாமத்தில்தான் ஒரு சோதனையையாவது முடிக்க முடிந்தது.

முடிவுகள் தெளிவாக இருந்தன. எக்ஸ்எம்பியை ஆஃப் செய்து, ரேமின் இயல்பு வேகத்தில் நான்கையும் ஓடவிட்டால் ஒரு பிழையும் இல்லை. பழைய சோடி மட்டும் 3600 இல், பிழை இல்லை. புதுச் சோடி மட்டும் 3600 இல், அதுவும் இல்லை. நான்கும் சேர்ந்து 3600 என்றால் இரண்டாம் சுற்றிலேயே சிவப்பு வரிகள்.

இந்த வரிசையில் சோதிப்பதைத்தான் யாருக்கும் சொல்வேன். எது கெட்டது என்று மட்டுமல்ல, எதுவுமே கெடவில்லை என்பதும் இதில் தெரிந்துவிடும். சோடியாகப் போடும்போது இடமும் முக்கியம். என் போர்டில் ப்ராசசரில் இருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்.

வாங்கிய கடையில் கேட்டேன். இயல்பு வேகத்தில் வேலை செய்கிற ரேமுக்கு வாரண்டி இல்லை என்றார்கள். அந்தப் பதிலை நான் இன்றும் ஏற்கவில்லை. விற்கும்போது 3600 என்று காசு வாங்கியவர்கள் பழுது பார்க்கும்போது மட்டும் வேறு எண்ணைப் பேசக்கூடாது. ஆனால் ரேம் கெடவில்லை என்பது உண்மைதான்.

ரேமைக் கட்டி ஓட்டுவது ப்ராசசருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலர். ரைசன் 3000 வரிசைக்கு ஏஎம்டி தரும் உறுதி, இரண்டு ரேமுக்கு 3200, ஒற்றை ரேங்க் ரேம் (சிப்கள் ஒரே தொகுதியாக உள்ள வகை) நான்கு போட்டால் 2933. அதற்கு மேலே உள்ளதெல்லாம் ஓவர்க்ளாக், உறுதியைத் தாண்டி ஓட்டுவது. பெட்டியில் இருந்த 3600, இரண்டாக விற்ற அந்தச் சோடி எட்டக்கூடிய வேகம். என் ப்ராசசரும் போர்டும் நான்கோடு எட்டும் என்று அந்தப் பெட்டியில் யாரும் எழுதவில்லை. போதாததற்கு, மாடல் எண் ஒன்றாக இருந்தும் என் இரண்டு சோடிகளின் ஸ்டிக்கரில் வெர்ஷன் எண் வேறு வேறு. அப்படியென்றால் உள்ளே இருக்கும் மெமரி சிப்பும் வேறாக இருக்கலாம்.

இங்கே யாரிடம் கேட்டாலும் முதல் வைத்தியம், ரேமைக் கழற்றி அழிறப்பரால் தேய்ப்பது. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிற ஊரில் உப்புக்காற்று தொடுமுனைகளைக் கெடுப்பது உண்மை, அதனால் அந்த வைத்தியம் பல நேரம் பலிக்கும். நான் றப்பருக்குப் பதில் ஐசோப்ரொபைல் அல்ககோலும் மெல்லிய துணியும்தான் பாவிக்கிறேன், தங்கப்பூச்சு தேயாது. என் பிரச்சினைக்கு அது உதவவில்லை.

ஏப்ரலில் பயாஸைப் புதுப்பித்தேன் (யுபிஎஸ் இல்லாமல் மின்வெட்டுக் காலத்தில் அந்த வேலையைத் தொடவே கூடாது). ரேம் வோல்டேஜை 1.35 இல் இருந்து 1.38 ஆக்கினேன். ப்ராசசருக்குள் மெமரி கன்ட்ரோலர் இருக்கும் பகுதியின் எஸ்ஓசி வோல்டேஜ் 1.1, ரேமுக்குக் கட்டளை போவதைக் கொஞ்சம் தளர்த்தும் கியர் டவுன் மோட் ஆன். நான்கு சுற்றும் சுத்தமாக முடிந்தது. வென்றுவிட்டேன் என்றே நினைத்தேன், இரண்டு மாதம் அப்படித்தான் ஓடியது.

ஜூனில் கச்சான், அந்த வறண்ட சூட்டுக் காற்று, பிடித்தது. மட்டக்களப்பில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, பின்னேரம் மூன்று மணிக்கு அறைக்குள் அடுப்பங்கரைச் சூடு. எக்ஸ்போர்ட் நடுவில் மறுபடி நீலத்திரை. அதே செட்டிங்கில் நள்ளிரவில் சோதித்தால் பிழை இல்லை, பகல் இரண்டு மணிக்குச் சோதித்தால் பிழை. சூடு ஏற ஏற ரேமின் செல்கள் சேமித்த மின்னூட்டத்தை வேகமாக இழக்கும். ஓரத்தில் நின்று சமாளித்துக்கொண்டிருந்த செட்டிங், அந்த வெப்பத்தில் விழுந்துவிடுகிறது. கூட்டிய வோல்டேஜும் தன் பங்குக்குச் சூட்டைத்தான் சேர்த்தது. குளிர்ந்த நேரத்துச் சோதனையை மட்டும் நம்பியது என் பெரிய பிழை. இப்போது கச்சான் காலத்துப் பகலில் ஓடித் தேறாத எந்தச் செட்டிங்கையும் நான் வைத்திருப்பதில்லை.

அன்றே 3200 க்கு இறக்கினேன். சிஎல் (ரேம் பதில் தர எடுக்கும் தாமதம்) 16, வோல்டேஜ் மறுபடி 1.35, ஃபேப்ரிக் (ப்ராசசரின் உள் இணைப்பு) 1600. பகல் இரண்டு மணிக்கு நான்கு சுற்று, மறுநாளும் நான்கு சுற்று. விண்டோஸைக் கடைசித் தடவையாகப் புதிதாகப் போட்டேன், ஏனென்றால் பழையதில் எந்தக் கோப்பு கெட்டிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு ஒவ்வொரு கச்சானும் வந்து போகிறது, ஒரு நீலத்திரைகூட வரவில்லை. வேகத்தில் இழந்தது என்ன என்று ஒரே திட்டத்தை இரண்டு விதமாகவும் எக்ஸ்போர்ட் செய்து பார்த்தேன். 47 நிமிடம் எடுத்தது 48 ஆனது. அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் நான் அரை வருஷம் நித்திரை முழித்திருக்கிறேன்.

கார்டில் இருந்து எடுக்கும் எல்லாவற்றுக்கும் இப்போது செக்சம், அதாவது கோப்பின் உள்ளடக்கத்தில் இருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண், ஒப்பிட்டுப் பார்க்கிறேன். 7-ஸிப் மென்பொருளைப் போட்டிருந்தால் கோப்பில் வலது கிளிக் செய்தாலே வரும். அது பொருந்தும்வரை கார்டை அழிப்பதில்லை.

போன மாதம் கல்முனையில் இருக்கும் மச்சான் புதுக் கணினி கட்டப்போவதாகச் சொன்னார். ரைசன் 7000, டிடிஆர்5, 16 ஜிபி நான்கு. நிறுத்தச் சொன்னேன். அந்த வரிசைக்கு ஏஎம்டி சொல்லும் கணக்கு இரண்டு ரேமுக்கு 5200, நான்கு போட்டால் 3600. 32 ஜிபி இரண்டாக வாங்கு, ஒரே பெட்டியில் வந்த சோடியாக இருக்கட்டும் என்றேன். வாங்கிவிட்டார். விண்டோஸ் போடுவதற்கு முன்னால் என் மெம்டெஸ்ட் பென்ட்ரைவ் அவர் வீட்டுக்குப் போகிறது.