நூலகர் வகுப்பெடுக்க வந்தபோது: ஒரு பல்கலைக்கழக நூலகச் சேவை பற்றிய மதிப்பீடு

எங்கள் பல்கலைக்கழக நூலகத்தின் கற்பித்தல் துணைச் சேவையை இரண்டு ஆண்டுகளாக என் பாடத்தோடு இணைத்துப் பயன்படுத்தி வருகிறேன். இளங்கலை இறுதியாண்டு மாணவர்களுக்கு ஆய்வுக் கட்டுரை எழுதப் பயிற்றும் தாளை நடத்துபவன் நான்; ஆகவே அந்தச் சேவை எங்கே கைகொடுத்தது, எங்கே கைவிட்டது என்று எழுதிவைப்பது, இதுபோன்ற சேவையைத் தம் நூலகத்தில் கேட்டுப் பெறலாமா என யோசிக்கும் ஆசிரியர்களுக்குப் பயன்படும் என நம்புகிறேன்.

முதல் ஆண்டில் எனக்குக் கிடைத்தது வழக்கமான நூலக அறிமுகம்தான். பருவத்தின் முதல் வாரத்தில் வகுப்பு முழுவதையும் ஒரே மணிநேரத்தில் மாடி மாடியாக அழைத்துச் சென்று, அடுக்குகளின் எண்முறை, இரவல் விதிகள், தரவுத்தளங்களின் பெயர்கள் ஆகியவற்றைச் சொல்லி அனுப்பிவைத்தார்கள். கட்டுரைத் தலைப்பு கையில் கிடைப்பதற்கு ஆறு வாரம் முன்பே கேட்ட அந்தச் செய்திகளில் ஒன்றுகூட, தேவை வந்த நாளில் யார் நினைவிலும் இல்லை. மறு ஆண்டு அதே ஏற்பாட்டை நான் மீண்டும் கேட்டபோது, எங்கள் துறைக்குப் பொறுப்பான நூலகர் தயங்காமல் மறுத்துவிட்டார். “தலைப்புக் கொடுத்த மறுவாரம் கூப்பிடுங்கள் சார். கேள்வித்தாளையும் முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். தேவை வருவதற்கு முன் சொல்வது எதுவும் நிற்காது” என்றார். இந்தச் சேவையைப் பற்றி நான் சொல்லப்போகும் நல்லவை யாவும் அந்த மறுப்பிலிருந்தே தொடங்குகின்றன.

அவர் சொன்னபடியே தலைப்புக் கொடுத்த மறுவாரம் நடந்த அமர்வில் நிகழ்ந்த ஒன்றைச் சொன்னால் சேவையின் தன்மை விளங்கும். இணையவழி வகுப்பு மாணவரின் கவனத்தைக் குறைக்கிறதா என்பது ஒரு மாணவியின் தலைப்பு. அவர் அந்தக் கேள்வியை முழு வாக்கியமாகவே தேடுபெட்டியில் இட்டார். ஆயிரக்கணக்கில் வந்து விழுந்தவற்றில் முதல் பக்கமே தலைப்புக்குச் சம்பந்தமில்லாதது. நூலகர் திரையை மூடச் சொல்லி, ஒரு வெள்ளைத் தாளில் மூன்று பத்திகள் வரையச் செய்தார். முதல் பத்தியில் இணையவழிக் கல்வி, இரண்டாவதில் கவனம், மூன்றாவதில் இளங்கலை மாணவர். பிறகு ஒவ்வொன்றின் கீழும், அதே பொருளுக்கு ஆய்வாளர்கள் வேறென்ன சொற்களைப் பயன்படுத்தக்கூடும் என்று எழுதவைத்தார். ஒரே பத்திக்குள் இருக்கும் சொற்களை ‘ஆர்’ (OR, ஏதேனும் ஒன்று இருந்தால் போதும்) இணைக்கும், பத்திகளை ஒன்றோடொன்று ‘ஆண்ட்’ (AND, எல்லாம் இருக்க வேண்டும்) இணைக்கும் என்ற விதியை அதன் பிறகே சொன்னார். தாளை நிரப்புவதற்கே இருபது நிமிடம் ஆயிற்று. தேடுவதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. கிடைத்தவற்றில் பொருத்தமான ஒரு கட்டுரையைப் பிடித்துக்கொண்டு, அது யாரை மேற்கோள் காட்டுகிறது என்று பின்னோக்கியும், அதை யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று முன்னோக்கியும் போகக் கற்றுக்கொடுத்தார். “எத்தனை கட்டுரை படித்தால் போதும் மேடம்?” என்று அந்த மாணவி கேட்டபோது, “புதிதாகத் திறக்கும் கட்டுரையின் துணைநூற்பட்டியலில் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த பெயர்களே வரத் தொடங்கினால் நிறுத்தலாம்” என்று வந்த பதிலை நான் என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். இத்தனை ஆண்டுகளாகப் பத்து, பதினைந்து என்று வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

நூலகர் ஆசிரியராவது நேற்று வந்த எண்ணம் அன்று. நூலகவியலுக்கு 1931இல் ஐந்து விதிகளை வகுத்தளித்த எஸ்.ஆர். ரங்கநாதனே கணிதம் கற்பித்துக்கொண்டிருந்து நூலகரானவர். வாசகரின் நேரத்தைச் சேமிப்பாயாக என்பது அவற்றில் நான்காவது. தேவையான தகவலைத் தேடிக் கண்டு, மதிப்பிட்டுப் பயன்படுத்தும் திறனைக் குறிக்கும் ‘தகவல் எழுத்தறிவு’ என்ற தொடரை 1974இல் அமெரிக்கத் தகவல் தொழில் சங்கத்தின் தலைவர் பால் சுர்கோவ்ஸ்கி பயன்படுத்திய பின், அதை எப்படிக் கற்பிப்பது என்ற விவாதம் வளர்ந்தது. அமெரிக்கக் கல்லூரி, ஆய்வு நூலகங்களின் சங்கம் 2000இல் அதை அடையவேண்டிய தகுதிகளின் பட்டியலாக வெளியிட்டது. 2016இல் அந்தப் பட்டியலைக் கைவிட்டு, ஆறு கருத்துகள் கொண்ட ஒரு சட்டகத்தை ஏற்றுக்கொண்டது. புலமை என்பது ஓர் உரையாடல் என்பதும், ஒரு மூலத்தின் அதிகாரம் அது பயன்படும் சூழலைப் பொறுத்தது என்பதும் அந்த ஆறில் உள்ளவை. எங்கள் நூலகர் இந்தப் பெயர்கள் எதையும் வகுப்பில் உச்சரிக்கவில்லை. ஆனால் முன்னோக்கியும் பின்னோக்கியும் மேற்கோள்களைத் தொடரச் சொன்னபோது அவர் கற்பித்தது அந்த உரையாடலைத்தான்.

தனியே முன்பதிவு செய்து அரைமணி நேரம் நூலகரோடு அமரும் ஆலோசனைச் சேவை இதைவிடவும் சிறந்தது. செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு வாங்கிய துணைநூற்பட்டியலோடு ஒரு மாணவர் போயிருந்தார்; அவர் சம்மதத்தோடு நானும் உடன் இருந்தேன். தலைப்புகள் நம்பும்படி இருந்தன, ஆய்விதழ்களும் உண்மையானவை. கட்டுரைகளின் நிலையான முகவரியாக வழங்கப்படும் டி.ஓ.ஐ. எண்ணை நூலகர் ஒவ்வொன்றாகச் சொடுக்கச் சொன்னார். ஒன்று திறக்கவே இல்லை. இன்னொன்று மண் வேதியியல் கட்டுரை ஒன்றுக்குப் போய் நின்றது. மூன்றாவதுக்கு எண்ணே இல்லாததால், அந்த இதழின் அதே தொகுதியைத் திறந்து பக்க எண்ணைத் தேடவைத்தார்; அந்தப் பக்கத்தில் வேறொருவரின் கட்டுரை பாதி வழியில் ஓடிக்கொண்டிருந்தது. கண்டனம் ஒன்றும் சொல்லாமல், “இப்போது இந்தப் பட்டியலில் எதை வைத்துக்கொள்வீர்கள்?” என்று மட்டும் கேட்டார். நானாக இருந்தால் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டு அடுத்த தாளை எடுத்திருப்பேன்.

குறைகளும் உள்ளன. மின்னூல்கள் பலவற்றை ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே திறக்க முடியும். நாற்பது பேருக்கு ஒரே அத்தியாயத்தை வாசிக்கக் கொடுத்த வாரத்தில் அந்த உண்மை எனக்குப் புரிந்தது. உரிமத்தைக் கட்டுப்படுத்துவது பதிப்பகம்தான் என்றாலும், அதை முன்கூட்டியே ஆசிரியருக்குச் சொல்லும் வழக்கத்தை நூலகம் ஏற்படுத்தியிருக்கலாம். வளாகத்துக்கு வெளியிலிருந்து நுழையும் வழி, மாணவர்கள் அதிகம் எழுதும் இரவு நேரத்திலேயே அடிக்கடி அறுந்துவிடுகிறது. பழைய ஆய்வேடுகளை யாரும் கட்டணமின்றிப் படிக்கும்படி திறந்த அணுக்கத்தில் தரும் நிறுவனக் களஞ்சியம் நல்ல முயற்சி. ஆனால் பல ஆய்வேடுகள் வெறும் படங்களாக ஸ்கேன் செய்யப்பட்டிருப்பதால் அவற்றுக்குள் ஒரு சொல்லைக்கூடத் தேட முடியவில்லை. அடுக்குகளை அகற்றிவிட்டு அமைத்த குழு விவாத அறைகளுக்கு நல்ல கூட்டம். அவற்றைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை.

எனக்குப் பெரிதாகப் படும் குறை வேறு. எத்தனை அமர்வுகள் நடந்தன, எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கை நூலகம் துல்லியமாக வைத்திருக்கிறது. அந்த மாணவர்கள் பிறகு எழுதிய கட்டுரைகளைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதில்லை. இரண்டு ஆண்டுத் தாள்களை நானே பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டாம் ஆண்டில் பெயரற்ற இணையப் பக்கங்கள் குறைந்து, ஆய்விதழ்க் கட்டுரைகள் கூடியிருந்தன. இரு வகுப்பினரும் ஒரே தரத்தினர் என்று சொல்ல முடியாததால் இதை ஆய்வு முடிவாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இந்தச் சேவையைக் கேட்கப்போகும் ஆசிரியர்கள் அந்த மணிநேரத்தில் தாமும் வகுப்பில் அமர்ந்திருக்க வேண்டும். நூலகரிடம் மாணவர்களை ஒப்படைத்துவிட்டு அதை ஓய்வு நேரமாக்கிக்கொண்டவர்கள் சிலர் இருந்ததால், ஆசிரியர் வராத அமர்வை நடத்துவதில்லை என்று இப்போது விதியே வைத்துவிட்டார்கள். அது சரியென்றே நினைக்கிறேன். அடுத்த பருவத்துக்கு நான் மூன்று அமர்வுகள் கேட்டிருந்தேன். நான்கு துறைகளுக்கு எங்கள் நூலகர் ஒருவரே என்பதால் இரண்டுதான் கிடைத்திருக்கின்றன.