2,800 வெள்ளி போச்சு: எஸ்.பி.எம். முடித்த பிள்ளை வீட்டில் இருந்தால் இதைப் படியுங்கள்

முந்தாநாள் பட்டர்வொர்த்தில், தம்பிக்குத் தொழிற்பயிற்சி இடம் வாங்கித் தருவதாகக் காசு வாங்கிய ஆபீஸைத் தேடி ஒரு கடைவீட்டு மாடிக்கு ஏறிப்போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வந்தேன். பேனரைக்கூடக் கழற்றிவிட்டார்கள். 2,800 வெள்ளி. பாயான் லெப்பாஸ் பேக்டரியில் ராத்திரி ஷிப்ட் நின்று, ஓ.டி. செய்து நான் சேர்த்த காசு.

தம்பி ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். எழுதி முடித்தான். புத்தகத்தை விட ஸ்பேனர்தான் அவன் கைக்கு வரும். பள்ளியில் கவுன்சலிங் டீச்சர் எஸ்.எல்.டி.என். என்ற அரசுத் தொழிற்பயிற்சித் திட்டத்தை ஒரு தாளில் எழுதி அனுப்பியிருந்தார். கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு, முக்கால்வாசி நேரம் வேலையிடத்திலேயே தொழில் பழகி, மீதி நேரம் பயிற்சி மையத்தில் படித்து, எஸ்.கே.எம். என்ற மலேசியத் திறன் சான்றிதழ் வாங்கலாம், கையில் அலவன்சும் வரும். நல்ல வழி அது, இப்போதும் சொல்கிறேன். அந்தத் தாளோடு திரும்ப டீச்சரிடமே போயிருக்க வேண்டும். அதற்குள் முகநூலில் ஒரு "வேலை வழிகாட்டி மையம்" கண்ணில் பட்டது.

போனோம். அங்கே ஒருத்தன் இருந்தான். நெற்றியில் விபூதி, நல்ல தமிழ். "வாங்கக்கா, பசியாறிட்டீங்களா?" என்றான். என்னை வெளியில் உட்காரவைத்துவிட்டு தம்பியிடம் முக்கால் மணி நேரம் பேசினான். என்ன பிடிக்கும், எதைப் பிரித்துப் பார்த்திருக்கிறாய், எந்த மெஷின்மேல் ஆசை என்று கேட்டானாம். எங்கள் வீட்டில் யாரும் அவனிடம் இதையெல்லாம் கேட்டதில்லை. பிறகு ஒரு டெஸ்ட். அவன் பெயர் போட்டு, கலர் கட்டங்களோடு நாலு பக்க ரிப்போர்ட்: "மெக்கட்ரோனிக்ஸ் பொருத்தம்". மெஷினும் எலக்ட்ரானிக்ஸும் சேர்ந்த தொழில் அது. தம்பி அதைப் பிளாஸ்டிக் பைலில் போட்டு பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்தான். அந்த முகத்தைப் பார்த்துத்தான் நான் காசு கட்டினேன்.

பதிவுக்கு 300 வெள்ளி. "பயிற்சி இடத்துக்கு டெபாசிட்" என்று 2,500. பணம் போனது ஒரு தனி ஆளின் கணக்குக்கு. கேட்டேன். "கம்பெனி அக்கவுண்ட் மாத்துறோம்க்கா, ஒரு வாரம்தான்" என்றான். நம்பினேன்.

தம்பியைப் பயிற்சிக்கு எடுப்பதாக ஒரு கம்பெனி லோகோ போட்ட கடிதம் வந்தது. சேஃப்டி பூட்ஸ் வாங்கச் சொன்னான், வாங்கினோம். அப்புறம் "அடுத்த திங்கள்க்கா". பிறகு "பேட்ச் ஃபுல், அடுத்த பேட்ச்". பிறகு "பாஸ் கே.எல். போயிருக்கார்". பிறகு நீல டிக் மட்டும். ஐந்தாவது வாரம் போனையே எடுக்கவில்லை. வேறு நம்பரிலிருந்து அழைத்தேன், என் குரல் கேட்டதும் வைத்துவிட்டான்.

கடிதத்தில் இருந்த கம்பெனி என் பேக்டரியிலிருந்து நாலு கேட் தள்ளித்தான் இருக்கிறது. ஷிப்ட் முடிந்து போனேன். கேட்டில் காவலுக்கு நிற்கும் ஜாகா அண்ணன் கடிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இந்த மாதிரி ஆள் எடுக்கலையே தங்கச்சி" என்றார். எச்.ஆரிலும் அதேதான் சொன்னார்கள். கடிதம் வந்த அன்றே அந்த நாலு கேட் நடந்திருந்தால் இத்தனை வாரம் ஏமாந்திருக்க மாட்டேன்.

போலீஸ் ரிப்போர்ட் செய்துவிட்டேன். மோசடிப் புகாருக்கான 997 எண்ணுக்கும் கூப்பிட்டேன். காசு மாற்றிய கையோடு கூப்பிட்டால்தான் தடுத்து நிறுத்த வழியுண்டு, எனக்கு ஐந்து வாரம் ஆகிவிட்டது.

என்ன செய்யணும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மனசு ஓடவில்லை. தனி ஆள் கணக்குக்குக் காசு போடாதீர்கள். போடுமுன், மோசடிப் புகார் உள்ள கணக்கா என்று காட்டும் போலீசின் செமாக் மியூல் தளத்தில் கணக்கு எண்ணைத் தட்டிப் பாருங்கள். பயிற்சி மையம் என்று சொன்னால், அரசு அங்கீகரித்த மையங்களின் பட்டியல் உள்ள மைஸ்பைக் தளத்தில் பெயர் இருக்கிறதா பாருங்கள். கடிதத்தை எடுத்துக்கொண்டு கம்பெனிக்கே போய்க் கேளுங்கள். பள்ளி டீச்சரிடம் கேளுங்கள், அவர் காசு கேட்க மாட்டார்.

தம்பி அந்த ரிப்போர்ட்டைக் கிழிக்கவில்லை. பூட்ஸ் டப்பாவுக்குள் வைத்திருக்கிறான்.

இதே மாதிரி மாடி ஆபீஸில் காசு கட்டியவர்கள் இருந்தால் உள்பெட்டியில் எழுதுங்கள், சேர்ந்து புகார் கொடுப்போம். எனக்கு இன்று ராத்திரி ஷிப்ட், காலையில் பதில் போடுகிறேன்.