ஆட்டுச் சினைப்பை செல்களுக்கு சிலிக்கா சவ்வு ஆர்.என்.ஏ கிட்: எதற்கு உதவும், எதற்கு உதவாது

ஒரே ஒரு ஃபாலிக்கிளில் (முட்டை வளரும் நுண்பையில்) கிடைக்கும் கிரானுலோசா செல்கள், அதாவது முட்டையைச் சூழ்ந்திருக்கும் செல்கள், சொற்பம். செல்லைக் கரைத்து ஆர்.என்.ஏவைப் படியவைக்கும் ட்ரைசால் முறையில் ஐசோப்ரோபனால் ஊற்றிச் சுழற்றினால் படிவு கண்ணுக்கே தெரியாது; திரவத்தை வடிக்கும்போது அதுவும் சேர்ந்து போய்விடும். ஆர்.என்.ஏ சவ்வில் ஒட்டிக்கொள்ளும் சிலிக்கா சவ்வு கிட்டில் அந்தத் தொல்லை இல்லை. சிறு அளவு மாதிரிக்கு இதுதான் சரியான தேர்வு.

வாங்குமுன் பெட்டிக்குள் டி.என்.ஏஸ் (டி.என்.ஏவைச் சிதைக்கும் நொதி) இருக்கிறதா என்று பாருங்கள். பலர் இதைக் கூடுதல் செலவு என்று தவிர்க்கிறார்கள். ஆட்டில் அது கட்டாயம். சினைப்பை உருவாவதற்கே அடிப்படையான ஃபாக்ஸ்எல்2 மரபணுவுக்கு இன்ட்ரான் (ஆர்.என்.ஏ முதிரும்போது வெட்டி நீக்கப்படும் இடைப்பகுதி) கிடையாது. இன்ட்ரான் நீங்கியபின் எக்ஸான்கள் இணையும் சந்திப்பில் பிரைமர் வைத்து, ஆர்.என்.ஏவை மட்டும் அளந்து தப்பிக்க வழியில்லை; மிச்சமிருக்கும் டி.என்.ஏவும் சிக்னலாகவே வரும். கொம்பில்லாத ஆடுகளில் 11.7 கிலோபேஸ் டி.என்.ஏ துண்டு இரு பிரதிகளிலும் விடுபடும்போது ஃபாக்ஸ்எல்2 அடங்கிப்போய், எக்ஸ்எக்ஸ் (மரபணுப்படி பெண்) குட்டிகளில் விரை வளர்வது 2001-இல் வெளியான செய்தி. இப்படிப்பட்ட மரபணுவின் அளவைப் பொய்யாக உயர்த்திக் காட்டினால் மொத்த முடிவும் தவறாகிவிடும். சவ்வின் மேலேயே 15 நிமிடம் டி.என்.ஏஸ் வையுங்கள். மரபணு அளவைக் காட்டும் க்யூபிசிஆரில், ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் (ஆர்.என்.ஏவை டி.என்.ஏவாக மாற்றும் நொதி) சேர்க்காத கட்டுப்பாட்டுக் குழாய் குறைந்தது 7 சுழற்சி பின்தங்க வேண்டும். அப்போது மாசு ஒரு சதவீதத்துக்குக் கீழ்.

கவனம் தேவைப்படும் இடம் கடைசிக் கழுவல். எத்தனால் மிஞ்சினால் க்யூபிசிஆர் தடுமாறும். புதிய சேகரிப்புக் குழாயில் வெறுமனே 5 நிமிடம் முழு வேகத்தில் சுழற்றி, 14 மைக்ரோலிட்டர் நீரைச் சவ்வின் நடுவில் விட்டு, ஒரு நிமிடம் பொறுத்து எடுங்கள். சிறு சவ்வுக் குழாயில் 5 லட்சம் செல்களுக்கு மேல் ஏற்றினால் சவ்வு அடைத்துக்கொள்ளும், விளைச்சலும் குறையும்.

கிட்டின் மேல் பழி போடக் கூடாத விஷயங்களும் உண்டு. சிஒய்பி17ஏ1 மரபணு வந்தால் ஃபாலிக்கிளின் வெளிச்சுவரிலுள்ள தீக்கா செல் கலந்திருக்கிறது. சீரம் ஊட்டி வளர்த்த செல்கள் லூட்டின் செல்லாக (முட்டை வெளியேறியபின் உருவாகும் வகையாக) மாறத் தொடங்கும். சிஒய்பி19ஏ1 மரபணுவின் அளவு சரியும், ஸ்டார் மரபணுவின் அளவு ஏறும். எவ்வளவு சுத்தமான ஆர்.என்.ஏ எடுத்தாலும் அது மாறாது.

மைக்ரோ ஆர்.என்.ஏ (மிகச் சிறிய ஆர்.என்.ஏ) பார்ப்பவர்கள் இதை வாங்க வேண்டாம். வழக்கமான சவ்வு 200 நியூக்ளியோடைடுக்குக் குறைந்தவற்றைப் பெரும்பாலும் விட்டுவிடும். அதற்கெனத் தனி வகை கிட் இருக்கிறது.