'நிச்சயமாகவா?' என்று கேட்பதா, 'செயல்தவிர்' கொடுப்பதா?

ஒரு கோப்பை அழிக்கிறீர்கள். ஒரு செயலி "நிச்சயமாக அழிக்க வேண்டுமா?" என்று கேட்டு நிறுத்துகிறது. இன்னொன்று எதுவும் கேட்காமல் அழித்துவிட்டு, "அழிக்கப்பட்டது. செயல்தவிர்" என்று திரையின் அடியில் ஒரு வரியைக் காட்டுகிறது; 'செயல்தவிர்' (undo) என்பதை அழுத்தினால் கோப்பு திரும்பிவிடும். பார்த்தவுடன் முதலாவது பொறுப்பானதாகவும் இரண்டாவது கொஞ்சம் அலட்சியமாகவும் தெரியும். எனக்கும் வெகுநாள் அப்படித்தான் தோன்றியது.

அப்புறம் ஒருநாள் பழைய புகைப்படங்களை ஒழுங்குபடுத்த உட்கார்ந்தேன். மங்கலானவை, ஒரே காட்சியை நான்கு முறை எடுத்தவை எல்லாம் போகட்டும் என்று அழி, ஆம், அழி, ஆம் என ஓடிக்கொண்டிருந்தது. எங்கோ நடுவில் வைத்திருக்க வேண்டிய ஒரு படமும் போயிற்று. 'ஆம்' அழுத்தி முடித்த அடுத்த நொடியில்தான் "ஐயோ" என்று வாயில் வந்தது. செயலி கேட்காமல் இல்லை. பதில் சொன்னது என் விரல், அவ்வளவுதான்.

உறுதி கேட்கும் பெட்டியின் அடிப்படைக் கோளாறு இதுதான்: தப்பு நமக்கு உறைப்பது செய்து முடித்த பிறகு, கேள்வி வருவதோ அதற்கு முன்னால். நூறு முறை கேட்டால் தொண்ணூற்றொன்பது முறை பதில் 'ஆம்' என்றுதான் இருக்கும். கை அதைப் பழகிக்கொள்கிறது. விண்டோஸ் விஸ்டாவில் மைக்ரோசாஃப்ட் இப்படித் தொட்டதற்கெல்லாம் அனுமதி கேட்டது. எரிச்சலடைந்த பலர் அந்த வசதியையே அணைத்துவைத்தார்கள். 2009-இல் விண்டோஸ் 7 வந்தபோது கேள்விகளைக் குறைக்க வேண்டியதாயிற்று.

சரி, கை தவறினால்தானே இந்தச் சிக்கல், யோசித்துச் செய்பவருக்குக் கேள்வி உதவாதா என்று கேட்கலாம். அங்கேயும் சந்தேகம்தான். 2018 ஜனவரி 13 காலை 8:07-க்கு ஹவாயில் ஏவுகணை வருவதாக எல்லாருடைய கைபேசிக்கும் எச்சரிக்கை போனது. அனுப்பும் முன் மென்பொருள் உறுதி கேட்டது. ஒத்திகைக்கும் நிஜத்துக்கும் ஒரே வாசகம். நடந்த ஒத்திகையை நிஜமான தாக்குதல் என்றே நம்பியதாகச் சொன்ன ஊழியர் 'ஆம்' என்றார். நம்புகிறவர் வேறென்ன சொல்வார்? அது தவறான எச்சரிக்கை என்ற திருத்தம் மக்களுக்குப் போய்ச் சேர 38 நிமிடங்கள் ஆயின. மறுப்புச் செய்தி ஒன்றை யாரும் முன்கூட்டியே தயாராக வைத்திருக்கவில்லை. முன்னால் ஒரு கேள்வி இருந்தது, பின்னால் திரும்பும் வழி இல்லை.

இதைவிட எனக்குப் பிடித்த உதாரணம் சிட்டிபேங்க். 2020 ஆகஸ்டில் ரெவ்லான் என்ற அழகுசாதன நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர்களுக்கு அந்த வங்கி சுமார் 78 லட்சம் டாலர் வட்டி அனுப்ப வேண்டியிருந்தது. அசல் தொகை வங்கிக்குள்ளேயே நிற்க வேண்டுமானால் திரையில் மூன்று கட்டங்களைக் குறியிட வேண்டும். ஒன்றை மட்டும் குறியிட்டார்கள். மூன்று பேர் பார்த்து ஒப்புதல் தந்தார்கள். "பணம் வங்கியை விட்டு வெளியே போகும், தொடரவா?" என்ற எச்சரிக்கையும் வந்தது. வட்டி வெளியேதானே போக வேண்டும், தொடர்ந்தார்கள். போனது ஏறக்குறைய 90 கோடி டாலர். எச்சரிக்கையில் எவ்வளவு என்ற எண் மட்டும் இருந்திருந்தால் யாராவது ஒருவர் நாற்காலியிலிருந்து எழுந்திருப்பார். சுமார் 50 கோடி டாலரைக் கடன் கொடுத்தவர்கள் திருப்பித் தர மறுக்க, வழக்கு நடந்து, 2022-இல் மேல்முறையீட்டில்தான் வங்கிக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. செயல்தவிர்க்க இரண்டு வருடம்.

செயல்தவிர் பொத்தான் மனிதன் தவறுவான் என்பதை முன்பே ஒப்புக்கொண்டு தொடங்குகிறது. ஆனால் அதைச் செய்துகொடுப்பது எளிதல்ல. 'நிச்சயமாகவா?' என்று ஒரு பெட்டியைப் போடுவது நிரல் எழுதுபவருக்கு அரை மணி நேர வேலை. செயல்தவிர்க்க வேண்டுமானால் ஒவ்வொரு செயலுக்கும் எதிர்ச்செயலை நினைவில் வைத்திருக்க வேண்டும், அல்லது அழித்ததை உண்மையில் அழிக்காமல் ஓரமாக ஒதுக்கிவைக்க வேண்டும். இல்லையென்றால் ஜிமெயில் செய்யும் தந்திரம்: அனுப்பியதைத் திரும்பப் பெறுவது போலத் தோன்றினாலும், மடல் இன்னும் கிளம்பவே இல்லை. 5, 10, 20 அல்லது 30 நொடி, நாம் தேர்ந்தெடுத்த அளவுக்கு வாசலில் நிறுத்திவைக்கிறார்கள். கறந்த பால் காம்பில் ஏறாது என்று தெரிந்து, கறப்பதையே கொஞ்சம் தள்ளிப்போடுகிறார்கள். எனக்கு 30 நொடி. மடலில் எழுத்துப்பிழை கண்ணில் படுவது எப்போதும் இருபதாவது நொடிக்கு மேல்தான்.

இந்தப் பக்கமும் குறைகள் உண்டு. அடியில் தோன்றும் அந்த வரி சில நொடிகளில் மறைந்துவிடுகிறது. மெதுவாகப் படிப்பவர், திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் துணையோடு பயன்படுத்துபவர், அந்த நேரம் பார்த்துத் திரும்பிப் பேசியவர் எல்லாருக்கும் வாய்ப்புப் போய்விடும். வாட்ஸ்அப்பில் 'எல்லாருக்கும் நீக்கு' என்பதற்குப் பதிலாக 'எனக்கு மட்டும் நீக்கு' என்று அழுத்திவிட்டால் தவிர்க்கக் கிடைப்பது 5 நொடி. பதற்றத்தில் இருப்பவருக்கு ஐந்து நொடி எம்மாத்திரம்?

இன்னொன்று, செயல்தவிர்ப்பு இருக்கிறது என்றால் அழித்தது அழியவில்லை என்று பொருள். ஐபோனில் அழித்த படம் 'சமீபத்தில் நீக்கியவை' தொகுப்பில் 30 நாள் வரை கிடக்கிறது. என்னைப் போன்றவருக்கு அது வரம். ஒரு படம் யார் கண்ணிலும் படக் கூடாது என்று நினைப்பவருக்குத் தலைவலி. 2022-இல் அந்தத் தொகுப்புக்கே பூட்டுப் போட்டார்கள்.

எனவே என் கணக்கு இப்படி. தன் கருவிக்குள்ளேயே முடிகிற எல்லாவற்றுக்கும் (கோப்பு, படம், குறிப்பு, பட்டியலில் ஒரு வரி) கேட்காதே, செயல்தவிர் கொடு. அந்தப் பொத்தான் மறைந்த பிறகும் தேடி எடுக்க ஒரு குப்பைத்தொட்டி இருக்கட்டும். பணம் போவது, ஊருக்கே செய்தி போவது, கருவியை முழுதாகத் துடைப்பது போன்றவற்றுக்குக் கேள்வி வேண்டும். ஆனால் 'நிச்சயமாகவா?' என்று மொட்டையாகக் கேட்காமல் "90 கோடி டாலர் வெளியே போகிறது" என்று சொல்ல வேண்டும். பொத்தானிலும் 'சரி' வேண்டாம், 'அனுப்பு' என்று வினையே இருக்கட்டும். "சந்தாவை ரத்து செய்யவா?" என்று கேட்டு, கீழே 'ரத்து', 'சரி' என்று இரண்டு பொத்தான் வைத்த ஒரு செயலியின் முன் நான் உட்கார்ந்திருந்திருக்கிறேன். எதை ரத்து செய்வது, எதற்குச் சரி சொல்வது?

கேள்வி கேட்பதில் கறாரானவர்களில், நிரல்களைச் சேமித்துவைக்கும் தளமான கிட்ஹப்புக்கு முதல் வரிசையில் இடம் உண்டு. அங்கே ஒரு களஞ்சியத்தை (ஒரு திட்டத்தின் கோப்புகள் எல்லாம் அடங்கிய தொகுப்பை) அழிக்க வேண்டுமானால் அதன் பெயரைக் கட்டத்தில் தட்டச்சு செய்ய வேண்டும். நானோ பெயரை நகலெடுத்து ஒட்டிவிடுவேன், யோசிப்பதில்லை. என்னைப் போன்றவர்கள் உண்டென்று அவர்களுக்கும் தெரியும் போல. அவ்வளவு கேட்டு அழித்த பிறகும், பல களஞ்சியங்களை 90 நாட்களுக்குள் மீட்டுக்கொள்ள வழி வைத்திருக்கிறார்கள்.