களியக்காவிளை டு நாகர்கோவில் நேசமணி கார் ட்ரிப்: தாராளமா போலாம், ஒரு குறை இருக்கு

குமரி மாவட்டம் தமிழ்நாட்டோட சேரப் போராடுன தலைவர் நேசமணி சம்பந்தப்பட்ட இடங்கள சுத்திக் காட்ட, நம்ம பக்கத்துல ஒரு சின்ன டிராவல்ஸ்காரங்க நடத்துற ஒரு நாள் ட்ரிப் இது, காலைல களியக்காவிளைல ஏத்துனா மார்த்தாண்டம், புதுக்கடை, பள்ளியாடி எல்லாம் காட்டி சாயங்காலம் நாகர்கோவில்ல கொண்டு விடுவாங்க. டிரைவர் அண்ணன்தான் கைடு. காருக்கு மொத்த வாடகை, நாலு பேரு சேந்தா கட்டுப்படியாகும்.

நேசமணின்னா நமக்கெல்லாம் 1956 நவம்பர் 1, அகஸ்தீஸ்வரம் தோவாளை கல்குளம் விளவங்கோடு நாலு தாலுகாவும் திருவிதாங்கூர்-கொச்சில இருந்து பிரிஞ்சு தமிழ்நாட்டோட சேந்தது, அதோட முடிஞ்சிரும். அண்ணன் அங்க ஆரம்பிக்கல, வக்கீல் நேசமணிகிட்ட இருந்து ஆரம்பிக்காரு, அதுதான் எனக்கு ரொம்ப பிடிச்சிது. 1895ல பள்ளியாடில பிறந்து, திருவனந்தபுரத்துல சட்டம் படிச்சி, நாகர்கோவில் கோர்ட்டுக்கு வந்தா அங்க மேல்சாதி வக்கீலுக்கு நாற்காலி மத்தவங்களுக்கு முக்காலி, தண்ணி குடிக்கவும் தனிப்பானை, இவரு முக்காலிய தள்ளி விட்டுட்டு நாற்காலில போய் உக்காந்தாருன்னு நம்ம ஊர்ல பெரியவங்க சொல்லுவாங்கல்லா, அந்தக் கதைய கோர்ட் பக்கத்துல வண்டிய ஒதுக்கிப் போட்டு நின்னு சொன்னாரு, என் கூட வந்த காலேஜ் பசங்க போன எடுக்காம கேட்டாங்க. அதே ஊர் வக்கீல் சங்கத்துக்கு பின்னாடி அவரே தலைவர் ஆனாருன்னு முடிச்சப்போ எனக்கு உண்மையிலேயே சிலிர்த்துப் போச்சு.

குறை என்னன்னா, 1940கள்ல அவரு நாகர்கோவில் நகராட்சித் தலைவரா இருந்தத ஓடுற கார்ல ஒரே வரில சொல்லிட்டு போயிட்டாங்க. இன்னைக்கு அது மாநகராட்சி, மேயர் இருக்காரு, 2019க்கு முன்ன நகராட்சிதான். தண்ணி வரல, ஓடை அடைச்சிருக்குன்னு ஜனங்க நேரா வந்து கேள்வி கேக்குற பதவி அது, கேஸ் நடத்துற வக்கீல் ஊர நடத்தப் பழகுனது அங்கதான்னு நான் நினைக்கேன், அப்புறம்தான இந்த இணைப்புக்காகப் போராடுன திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கட்சி, எம்.பி. எல்லாம். அத விட்டா கதை பாதிதான். நகராட்சி பத்தி ஒரு கால் மணி நேரம் கண்டிப்பா சேக்கணும்.

புதுக்கடைலயும் அவசரம். 1954 ஆகஸ்ட் 11ல மார்த்தாண்டத்துலயும் புதுக்கடைலயும் தமிழ்நாட்டோட சேரணும்னு போராடுனப்போ போலீஸ் சுட்டு நம்ம ஆளுங்க செத்த இடங்க, அங்க போயிட்டு சாப்பாட்டுக்கு நேரமாச்சுன்னு கிளப்பக்கூடாது. சாப்பாடு என்னவோ நல்லாத்தான் இருந்துச்சு, மரச்சீனியும் மீன்கறியும், ஆனா அது அரை மணி கழிச்சும் கிடைக்கும்.

கடைசி ஸ்டாப் வேப்பமூடு பக்கம் மணிமண்டபம். 1968ல அவரு எம்.பி.யா இருக்கும்போதே இறந்தாரு, அந்த காலி எடத்துக்கு 1969ல நடந்த இடைத்தேர்தல்லதான் காமராஜர் ஜெயிச்சாருன்னு அங்க வச்சி சொன்னாரு, கூட வந்த பாதி பேருக்கு இது தெரியல.

ஏசி ஓகே, அண்ணன் பேச்சு அருமை, வண்டி நிதானமா ஓட்டுறாரு. சின்னப் பிள்ளைங்கள கூட்டிட்டுப் போனா போர் அடிக்கும், எட்டாம் வகுப்புக்கு மேல உள்ளவங்கன்னா சரி. புக் பண்ணும்போதே புதுக்கடைல நேரம் வேணும், நகராட்சி கதையும் வேணும்னு கேட்டு வாங்கிக்கோங்க, வேலை நாள்ல போனா கோர்ட் பக்கம் ஆள் நடமாட்டத்தோட பாக்கலாம், ஞாயித்துக்கிழமை போகாதீங்க.