ரோஸ் ஹில் சனிக்கிழமை வகுப்பு: மரபுத்தொடரும் ஒரு பட்டியலும்

மொரிஷியஸின் ரோஸ் ஹில்லில் ஒரு கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை காலைகளில் நடைபெறும் மரபுத்தொடர் வகுப்பில், நான்காம் வகுப்பு படிக்கும் என் மகளைச் சேர்த்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. பள்ளியில் தமிழை விருப்பப் பாடமாகப் படித்தாலும் வீட்டில் கிரியோல் மொழியே புழங்குவதால், எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த அவளுக்குப் பேச்சின் சுவை பிடிபடாமலே இருந்தது.

முதல் வகுப்பில் நானும் பின்வரிசையில் அமர்ந்திருந்தேன். விடுகதைக்கு விடை தெரியாவிட்டால் பிரெஞ்சில் என்ன சொல்வீர்கள் என்று ஆசிரியை கேட்க, நாக்கைப் பூனைக்குக் கொடுத்துவிட்டதாகச் சொல்வோம் என்றனர் பிள்ளைகள். உண்மையில் நாக்கைக் கொடுத்தவர் கை தூக்குங்கள் என்றார் அவர். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், சொல் ஒன்று, பொருள் வேறு என்பது இலக்கண வரையறை ஏதுமின்றி அவர்களுக்கு விளங்கிவிட்டது. பிறகு 'காது குத்துதல்' வந்தது. கோயிலில் காது குத்திக்கொண்டு அழுத கதையை ஒவ்வொருவரும் சொன்ன பின்னரே, பொய் சொல்பவரிடம் "எனக்கே காது குத்துகிறாயா?" என்று கேட்கும் வழக்கை அவர் நடித்துக் காட்டினார். வகுப்பு முடியுமுன் ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டில் நடந்ததை வைத்து ஒரு வாக்கியம் சொல்லியாக வேண்டும். பலன், அண்ணன் பாத்திரம் கழுவாமல் கம்பி நீட்டிவிட்டான் என்று அன்றிரவே என்னிடம் புகார் வந்தது.

ஆறாவது வாரத்தில்தான் வகுப்பு தடம் மாறியது. நாற்பது தொடர்கள் கொண்ட ஒரு தாளைக் கொடுத்து, மனப்பாடம் செய்து வரச் சொன்னார்கள். 'அத்தி பூத்தாற்போல' என்னும் உவமைத்தொடரும் 'கரும்பு தின்னக் கூலியா' என்னும் பழமொழியும் மரபுத்தொடர் என்ற ஒரே தலைப்பின்கீழ் இருந்தன. கம்பி நீட்டினான், நீட்டுவான் என்று வினைக்கேற்ப வளைந்து வாக்கியத்துக்குள் கரைவது மரபுத்தொடர். பழமொழியோ தானே ஒரு வாக்கியமாக நிற்கும். இந்த வேறுபாடு தெரியாத பிள்ளை எதையும் சரியாகப் பயன்படுத்த முடியாது. அத்திமரத்தைக் கண்டிராத பிள்ளைகளுக்கு ஒரு படமாவது காட்டியிருக்கலாம். கரும்புப் பழமொழியை வெறும் பொருளுரையோடு கடந்து போனதுதான் எனக்குப் பெரிய ஏமாற்றம்: 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாக வந்து கரும்பு வெட்டியவர்களின் வழிவந்த பிள்ளைகள், போர்ட் லூயிஸில் அந்தக் கூலிகள் வந்திறங்கிய ஆப்ரவாசி காட் படிக்கட்டுகளைப் பார்த்தவர்கள், அந்தக் 'கூலி' என்ற சொல்லைப் பற்றி அரைமணி நேரம் பேசியிருப்பார்கள்.

கட்டணம் நியாயமானதே, அடுத்த மண்டபத்து மேளச் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். அடுத்த தவணைக்கும் பணம் கட்டிவிட்டேன். அந்தத் தாளை நிறுத்திவிட்டு, வாரத்துக்கு மூன்று தொடர்களை மட்டும் நடித்துக் காட்டும்படி ஆசிரியையிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.