விக்கிப்பீடியாவில் பக்கம் போட்டுத் தருகிறோம் என்று வந்தால் நம்பாதீர்கள் – 48,500 ரூபாய் போய்விட்டது

நேற்று சாயங்காலம் என் அப்பாவின் பெயரில் இருந்த விக்கிப்பீடியா பக்கத்தை நீக்கிவிட்டார்கள். அந்தப் பக்கத்துக்காக நான் கொடுத்தது 48,500 ரூபாய். வாங்கியவன் இப்போது போனை எடுப்பதில்லை. ராத்திரி தூக்கம் வரவில்லை, அதனால்தான் விடிந்ததும் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்னொருவர் இதில் மாட்டக்கூடாது. என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக்கூடாது என்று கடைசியில் சொல்கிறேன்.

அப்பா கூத்து வாத்தியார். செய்யாறு பக்கம் பாரதக் கூத்து பார்த்தவர்கள் அவரைத் துரியோதனன் வேஷத்தில் பார்த்திருப்பீர்கள். 41 வருஷமாகக் கட்டை (மரத்தாலான வேஷ அணிகள்) கட்டி ஆடுகிறார். மாவட்ட அளவில் கலை நன்மணி விருது வாங்கியிருக்கிறார். ஆனால் கூகுளில் அவர் பெயரைத் தட்டினால் ஒன்றும் வராது. அந்த ஆதங்கத்தில்தான் ஜனவரியில் நாலு ராத்திரி உட்கார்ந்து ஆங்கில விக்கிப்பீடியாவில் நானே ஒரு வரைவு எழுதிப் போட்டேன். ஏற்கவில்லை. காரணமும் தெளிவாகத்தான் எழுதியிருந்தார்கள்: அவரோடு சம்பந்தமில்லாத, நம்பகமான பத்திரிகையோ புத்தகமோ அவரைப் பற்றி விரிவாக எழுதியிருக்க வேண்டும். தமிழ் விக்கிப்பீடியாவில் இதைக் குறிப்பிடத்தக்கமை என்பார்கள். நான் சான்றாகக் கொடுத்திருந்தது விருதுச் சான்றிதழின் போட்டோ, எங்கள் குழுவின் பேஸ்புக் பக்கம், ரெண்டு யூடியூப் வீடியோ. அதெல்லாம் கணக்கில் வராது.

நாலாவது நாள் பேஸ்புக்கில் ஒரு மெசேஜ். ஆன்லைனில் பெயர் வாங்கித் தரும் ஏஜென்சியாம். "உங்க டிராஃப்ட் ரிஜெக்ட் ஆயிடுச்சுன்னு பார்த்தோம் சார், நாங்க ஏத்தித் தர்றோம், நூறு சதவீதம் கேரண்டி." இவனுக்கு எப்படித் தெரிந்தது என்று அன்றைக்கு அசந்துபோனேன். விஷயம் தெரிந்தவன் போல என்று நினைத்தேன். நிராகரித்த வரைவுகளை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நான் என் சொந்தப் பெயரிலேயே கணக்கு திறந்திருந்தேன், அவ்வளவுதான் சங்கதி. 2015ல் இதே வேலை செய்த ஒரு கூட்டத்தை ஆங்கில விக்கிப்பீடியாவில் கண்டுபிடித்து 381 கணக்குகளை முடக்கி 210 கட்டுரைகளை நீக்கியிருக்கிறார்கள். அவர்களும் வரைவு நிராகரிக்கப்பட்டவர்களாகப் பார்த்துத்தான் வலை விரித்திருக்கிறார்கள், பக்கம் ஏறியதும் அதைக் காப்பாற்ற மாசாமாசம் பணம் கேட்டிருக்கிறார்கள். இதை நேற்று ராத்திரிதான் படித்தேன்.

நான் எங்கே நம்பினேன் என்று சொல்கிறேன். வீடியோ காலில் வந்தான். நாங்கள் போட்டது என்று ஏழெட்டுப் பக்கங்களைத் திரையில் காட்டினான். நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, "ஐயா பக்கத்துல இருக்காங்களா சார், ஒரு பாட்டு கேக்கலாமா" என்றான். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு பதினெட்டாம் போர் கூத்தில் துரியோதனன் வருகிற பாட்டு நாலு அடி பாடினார். அவன் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இவரைப் பத்தி இல்லாம வேற யாரைப் பத்தி சார் இருக்கணும்" என்றான். அப்பா முகத்தைப் பார்த்தேன். போனை வைக்கும் முன்பே 25,000 அனுப்பிவிட்டேன்.

அப்புறம் "பிரஸ் கவரேஜ்" என்று 8,500. மூன்று இணையதளங்களில் அப்பாவைப் பற்றி ஒரே மாதிரி செய்தி வந்தது. ஒவ்வொன்றின் அடியிலும் பொடி எழுத்தில், இதற்கும் ஆசிரியர் குழுவுக்கும் சம்பந்தமில்லை என்று போட்டிருந்தது. காசு கொடுத்துப் போட்ட செய்தி சான்றாகாது. இந்தியப் பத்திரிகைகளில் இப்படி வருவதைப் பற்றி ஆங்கில விக்கிப்பீடியாவில் தனியாகவே எச்சரித்திருக்கிறார்கள். ஆனால் எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் நிஜமான சான்று ஒன்று இருந்தது. 1996ல் ஒரு சிற்றிதழ் அப்பாவின் ஆட்டத்தைப் பற்றி நாலு பக்கம் எழுதியது. தாள் பழுப்பேறி, ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து ஓரத்தில் கறையாகியிருக்கிறது. அதை அனுப்பட்டுமா என்று கேட்டேன். "ஆஃப்லைன் எல்லாம் செல்லாது சார்" என்றான். சுத்தப் பொய். அச்சுப் புத்தகம், பத்திரிகை எல்லாம் செல்லும், தமிழில் இருந்தாலும் செல்லும்.

பக்கம் ஏறியது. மீதி 15,000 கொடுத்தேன். அப்பா என் போனை வாங்கி, ரெண்டு விரலால் தன் போட்டோவைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தார். பிரிண்ட் எடுத்து லேமினேட் செய்து கொடுத்தேன், ஒப்பனைப் பெட்டிக்கு மேலே மாட்டினார். கூகுளில் மட்டும் வரவில்லை. "அப்டேட் ஆகும் சார்" என்றான். புதுப் பக்கத்தை அங்கே உள்ளவர்கள் சரிபார்க்கும் வரை, இல்லையென்றால் 90 நாள் ஆகும் வரை, தேடலில் விட மாட்டார்கள் என்பது அவனுக்குத் தெரியாமலா இருக்கும்.

பன்னிரண்டாம் நாள் பக்கத்தின் தலையில் சிவப்புப் பட்டை வந்தது, நீக்கலாமா என்று பேசுகிறோம் என்று. பதறிப்போய் போன் செய்தேன். முதல் நாள், "அது வழக்கமா வர்றதுதான் சார், எடுத்துடுவோம்." மூணாம் நாள், "அட்மின் நம்ம ஆளுதான், பேசிட்டிருக்கோம்." அஞ்சாம் நாள், "புரொடெக்ஷன் போட 12,000 ஆகும்." நான் ஏற்கெனவே 48,500 கொடுத்திருக்கிறேனே என்றேன். அன்றோடு பதில் நின்றது. ஏழு நாள் முடிந்தது, நீக்கிவிட்டார்கள். பக்கத்தைப் போட்ட கணக்கு பல பெயரில் இயங்கிய போலிக் கணக்கு என்று முடக்கிவிட்டார்கள்.

பக்கத்தை நீக்கலாமா என்று விக்கிப்பீடியாவில் நடந்த உரையாடலை நேற்றுதான் முழுசாகப் படித்தேன். அதில் ஒருவர் கேட்டிருக்கிறார்: இவரைப் பற்றி அச்சில் ஏதாவது வந்திருக்கிறதா, பழைய தமிழ் இதழ்களில் இருக்கலாமே? ஏழு நாள் அந்தக் கேள்வி அப்படியே கிடந்திருக்கிறது. பதில் என் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தது. அந்த உரையாடலில் நானும் எழுதலாம் என்று ஏஜென்சிக்காரன் எனக்குச் சொல்லவே இல்லை. பணம் போனதைவிட இதுதான் வயிற்றெரிச்சல். இனி உண்மையான சான்றோடு போனாலும், போலிக் கணக்கு போட்ட பக்கம் என்கிற சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

அப்பாவிடம் மறைக்க முடியவில்லை. "அப்ப நான் ஆடுனது கணக்குல இல்லன்னு சொல்றாங்களாப்பா?" என்று கேட்டார். டோனா ஸ்டிரிக்லண்ட் என்கிற இயற்பியல் விஞ்ஞானியைப் பற்றிய வரைவையும் 2018 மே மாதம் சான்று போதாது என்று திருப்பி அனுப்பினார்கள், அதே அக்டோபரில் அந்த அம்மாவுக்கு நோபல் கிடைத்தது, அவர்கள் பார்ப்பது காகிதத்தைத்தான், உன் ஆட்டத்தை இல்லை என்று சொன்னேன். தலையாட்டினார். லேமினேட் செய்த தாளைக் கழற்றவில்லை.

சரி, சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். பக்கம் இருக்கும் என்று யாராலும் கேரண்டி கொடுக்க முடியாது, கொடுத்தால் ஏமாற்று. காசு வாங்கி எழுதுகிறவர் யாருக்காக எழுதுகிறேன் என்று அங்கே வெளிப்படையாகச் சொல்லியே ஆக வேண்டும், 2014லிருந்து விதி அது. எந்தக் கணக்கில் எழுதுவாய் என்று முதலில் கேளுங்கள், மழுப்பினால் விட்டுவிடுங்கள். தனியாள் பெயரில் உள்ள யுபிஐக்கு முன்பணம் போடாதீர்கள். வரைவு எழுதும் கணக்கில் சொந்தப் பெயர் வேண்டாம். ஏமாந்துவிட்டால் உடனே 1930க்குப் போன் செய்யுங்கள், என்னைப் போல் நாள் கடத்தாதீர்கள்.

இன்னும் நிறைய எழுத நினைத்தேன். பத்தரைக்கு சைபர் கிரைம் அலுவலகத்தில் இருக்க வேண்டும், 48,500க்கும் ஸ்கிரீன்ஷாட் பிரிண்ட் எடுக்க வேண்டும். அவனுக்கு நேற்று ராத்திரி அனுப்பிய மெசேஜ் இன்னும் ஒற்றை டிக்கில்தான் இருக்கிறது.